கார் கண்ணாடியைக் கழுவும் நீலத் திரவத்தில் என்ன இருக்கிறது?

மாலை ஏழு மணி. பாட்டி வீட்டில் விடுமுறையைக் கழித்துவிட்டுக் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். சற்று முன்புதான் மழை பெய்து ஓய்ந்தது. முன்னால் போகும் லாரியின் சக்கரங்கள் சேற்று நீரை வாரி இறைக்கின்றன. மழைக்குப் பின் கிளம்பிய ஈசல்கள் வேறு காரின் முன்கண்ணாடியில் மோதிச் சிதறுகின்றன. மேற்கே சாய்ந்த சூரியன் நேர் எதிரில் நிற்கிறது.

அப்பா வைப்பர் பிடியை இழுக்கிறார். பானெட்டின் ஓரத்திலிருந்து இரண்டு மெல்லிய நீர்த்தாரைகள் கண்ணாடியில் பாய்கின்றன. வைப்பர் இரண்டு முறை போய் வருகிறது. ஆனால் கண்ணாடி சுத்தமாகவில்லை. சேறும் எண்ணெயும் ஈசலும் குழைந்து வெள்ளைப் பூச்சாகப் படர்கின்றன. அதில் சூரிய ஒளி பட்டதும் சாலையே மறைந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். கண்ணாடி தெளிவதற்கு மூன்று வினாடிகள் ஆனால், 75 மீட்டர் தூரம் அப்பா ஏறக்குறைய கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

தொட்டியில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர். நம்மில் பலர் அப்படித்தான் ஊற்றுகிறோம். "தண்ணிதானே, எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். வாங்கலாம் என்று முடிவு செய்து கார் சாமான் கடைக்குப் போனாலோ நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. இணைய அங்காடியில் தேடினால் இன்னும் நூறு வகை. நிறத்தை வைத்து இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. நிறம் வெறும் சாயம். அந்தத் திரவம் எந்த நாட்டு வானிலைக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் முக்கியமான கேள்வி. ஒரு வகை நமக்கு உண்மையிலேயே உதவும். இன்னொரு வகையில் நமக்குச் சிறிதும் தேவைப்படாத ஒரு நஞ்சு இருக்கும்.

தண்ணீர் ஏன் தோற்கிறது?

முன்கண்ணாடியில் படிவது வெறும் தூசி மட்டுமல்ல. டீசல் புகையின் கரி, சாலையிலிருந்து தெறிக்கும் எண்ணெய், மரத்தடியில் நிறுத்தினால் வடியும் பிசின், பறவை எச்சம், பூச்சிகளின் உடல்நீர், புகைமூட்டக் காலத்தில் படியும் நுண்துகள் என்று பலவும் கலந்த ஒரு படலம் அது. இவற்றில் எண்ணெய்த் தன்மை உள்ளவற்றோடு தண்ணீர் ஒட்டாது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால், எண்ணெய் படிந்த கண்ணாடியில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். வைப்பர் அந்த முத்துகளைத் தள்ளிவிட்டுப் போகும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். தேய்த்ததில் இன்னும் கொஞ்சம் பரவியும் இருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடித் தட்டில் துளி சமையல் எண்ணெய் விட்டு விரலால் மெல்லியதாகத் தேயுங்கள். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது குமிழாக நிற்கும். இப்போது பல் குத்தும் குச்சியின் நுனியைச் சவர்க்கார நீரில் நனைத்து அந்தச் சொட்டைத் தொடுங்கள். சொட்டு தட்டையாகிப் பரவும்.

சவர்க்கார வகைப் பொருள்களின் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். தண்ணீரில் இவற்றைக் கலந்தால் மேற்பரப்பு இழுவிசை குறைகிறது. தண்ணீர் கண்ணாடியோடு ஒட்டிப் பரவுகிறது. எண்ணெய்த் துளி ஒவ்வொன்றையும் வால்கள் உள்நோக்கிக் குத்திப் பிடிக்க, தலைகள் வெளிநோக்கி நிற்கின்றன. இப்படிச் சூழப்பட்ட எண்ணெய்த் துளி தண்ணீரோடு மிதந்து போய்விடும். கண்ணாடி கழுவும் திரவத்தின் அடிப்படை வேலை இவ்வளவுதான். நம் ஊரில் விற்கும் நல்ல திரவங்கள் பலவற்றில் தண்ணீர், சிறிதளவு சவர்க்காரப் பொருள், கிருமி வளராமல் தடுக்கும் சேர்மானம், சாயம், வாசனை ஆகியவையே இருக்கும்.

அப்படியானால் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டால் போதாதா? அவசரத்துக்குச் செய்தால் கார் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் தொடர்ந்து செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாத்திரத் திரவம் நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைக் குழைவாக்க உப்பும் சேர்க்கிறார்கள். தட்டைப் பிறகு ஓடும் தண்ணீரில் அலசுகிறோம். காரின் கண்ணாடியை யாரும் அலசுவதில்லை. வைப்பர் தள்ளியது போக மீதி அங்கேயே காய்ந்து மெல்லிய கோடுகளாக நிற்கும். பகலில் அது தெரியாது. இரவில் எதிர் வாகனத்தின் விளக்கு பட்டதும் ஒவ்வொரு கோடும் ஒளியைச் சிதறடிக்கும்.

வெளிப்பக்கம் எவ்வளவு கழுவியும் இரவில் கண்ணாடி மங்கலாகவே தெரிகிறதா? உள்பக்கத்தைப் பாருங்கள். வெயிலில் சூடாகும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள் கண்ணாடியின் உட்புறத்தில் படிகின்றன. அதைத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

பனி நாட்டின் பிரச்சினை

இனி நமக்குத் தேவைப்படாத வகைக்கு வருவோம். கனடாவிலோ போலந்திலோ குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கும். வெறும் தண்ணீரைத் தொட்டியில் விட்டால் அது உறையும். உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால் தொட்டியும் குழாயும் விரிசல் விடலாம். அதைவிட ஆபத்தானது, ஓடும் காரில் பீய்ச்சிய தண்ணீர் கண்ணாடியில் பட்ட உடனே பனிக்கட்டியாக மாறுவது. நம் அப்பாவுக்கு மூன்று வினாடிகள் பார்வை மறைந்தது. அங்கே காரை நிறுத்திச் சுரண்டும்வரை மறைந்திருக்கும்.

ஆகவே உறைநிலையைத் தாழ்த்த அவர்கள் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்க்க வேண்டும்? நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் மோல் கணக்கை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் தண்ணீரில் ஒரு மோல் பொருள் கரைந்தால், அதன் உறைநிலை ஏறத்தாழ 1.86 டிகிரி செல்சியஸ் இறங்கும். எத்தனை மூலக்கூறுகள் கரைந்தன என்பதுதான் கணக்கு. அவை எந்த மூலக்கூறுகள் என்பது அல்ல.

மெத்தனாலின் மோலார் நிறை 32. எனவே 320 கிராம் மெத்தனால் என்பது 10 மோல். அது உறைநிலையைச் சுமார் 18.6 டிகிரி தாழ்த்தும். அதே 320 கிராம் எத்தனாலை எடுத்துக்கொண்டால், அதன் மோலார் நிறை 46 என்பதால் கிடைப்பது ஏறத்தாழ 7 மோல். உறைநிலை 13 டிகிரிதான் இறங்கும். எடைக்கு எடை மெத்தனாலே அதிக வேலை செய்கிறது. விலையும் மலிவு. ஒரு காலத்தில் மரத்தைச் சூடாக்கி வடித்ததால் இதற்கு மர ஆல்கஹால் என்று பெயர். இன்று பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து செய்கிறார்கள். நம் லாபுவான் தீவிலேயே பெரிய மெத்தனால் ஆலைகள் இருக்கின்றன. வட அமெரிக்காவின் குளிர்காலத் திரவங்களில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட மெத்தனால் இருப்பதுண்டு.

குளிர் நாட்டில் இது புத்திசாலித்தனமான தீர்வு. நம் நாட்டிலோ சமவெளியில் தண்ணீர் உறையும் நாளே கிடையாது; கேமரன் மலையின் அதிகாலைக் குளிருக்கும் அது தேவையில்லை. மாறாக, இங்கே மெத்தனால் வேலையைக் கெடுக்கவும் செய்யும். அதன் கொதிநிலை 64.7 டிகிரி. வெயிலில் நின்ற காரின் கண்ணாடி தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். அதில் பீய்ச்சிய ஆல்கஹால், அழுக்கைக் கரைக்கும் முன்பே ஆவியாகிப் பறந்துவிடும். அந்த ஆவி எங்கே போகும்? காருக்குள் காற்றை இழுக்கும் துளைகள் முன்கண்ணாடியின் அடியில்தான் இருக்கின்றன. கண்ணாடி கழுவும்போது உள்ளே வாசனை வருவது அதனால்தான்.

ஒரு மடக்கு போதும்

மெத்தனால் பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். வாசனையில் எத்தனாலோடு ஒத்திருக்கும். உடலுக்குள் போனதும்தான் இரண்டும் பிரிகின்றன.

கல்லீரலில் உள்ள ஒரு நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. மற்றொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் எறும்பு அமிலம் என்றும் சொல்லப்படும் பொருள் அது. இந்த அமிலம் உடலில் தேங்குகிறது. உயிரணுக்களின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அது முடக்கிவிடுகிறது. மூச்சு இழுக்கிறோம், இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஆற்றல் அதிகம் தேவைப்படும் பார்வை நரம்பு இதில் முதலில் அடிவாங்கும் உறுப்புகளில் ஒன்று. மெத்தனால் நஞ்சேறியவர்கள் கண்முன் வெண்பனி கொட்டுவது போலத் தெரிகிறது என்று சொல்வது இதனால்தான். சிலருக்குப் பார்வை திரும்புவதே இல்லை.

வெறும் 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே பறிக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு மெத்தனால் உள்ள திரவத்தில் முதல் அளவு கிடைக்க 30 மில்லிலிட்டர் போதும். அது தாகத்தில் குடிக்கும் ஒரு மடக்கு.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான மயக்கம், தலைவலி, வயிற்றுக் குமட்டல் என்று தொடங்கும். உடல் மெத்தனாலை அமிலமாக மாற்றி முடிக்க நேரம் பிடிப்பதால், கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வரும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் காத்திருப்பதுதான் பலருடைய உயிரைக் குடித்திருக்கிறது.

இந்த மூலக்கூறு நமக்குப் புதிதல்ல. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதற்கும் காருக்கும் தொடர்பில்லை. ஆனால் உள்ளே நடந்த வேதியியல் இதேதான். போலந்தில் மலிவான கண்ணாடி கழுவும் திரவத்தையே மதுவுக்குப் பதிலாகச் சிலர் குடித்தார்கள். அந்த நாடு எழுப்பிய கோரிக்கையின் பேரில், பொதுமக்களுக்கு விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தில் மெத்தனால் எடையளவில் 0.6 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. 2019 மே மாதம் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குளிர் மிகுந்த அந்த நாடுகளே எத்தனால் போன்றவற்றுக்கு மாறிவிட்டன. பனியே பெய்யாத நாம் மெத்தனாலை வாங்கிக் காரில் வைத்துக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

போத்தலை எப்படிப் படிப்பது?

முதலில் முன்பக்கத்தில் கழித்தல் குறியோடு ஏதாவது வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "−20°C" என்று இருந்தால் உறையாமல் தடுக்கும் பொருள் உள்ளே இருக்கிறது என்று பொருள். அது மெத்தனாலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; எத்தனாலாகவோ ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலாகவோ கிளைக்கோலாகவோகூட இருக்கலாம். எதுவானாலும் நமக்கு அது வேண்டாம்.

அடுத்து பின்பக்கம். சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரக் குறிகள் இருக்கின்றனவா? தீச்சுடர் என்றால் எளிதில் பற்றும். மண்டையோடு என்றால் கடும் நஞ்சு. மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற குறி, உறுப்புகளை நாளடைவில் பாதிக்கக்கூடியதைக் காட்டும். மலாய் மொழியில் 'பஹாயா' என்ற சொல் இருந்தால் ஆபத்து கடுமையானது. 'அமாரான்' என்றால் அதைவிடக் குறைந்த எச்சரிக்கை. மூலப்பொருள் பட்டியல் சீன மொழியிலோ கொரிய மொழியிலோ மட்டும் இருந்தால் எண்களைத் தேடுங்கள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சி.ஏ.எஸ். எண் என்ற உலகளாவிய அடையாள எண் உண்டு. மெத்தனாலின் எண் 67-56-1. மொழி மாறினாலும் இந்த எண் மாறாது. ஒன்றுமே அச்சிடப்படாத, மலிவான பெரிய போத்தலை வாங்காமல் விடுவதே நல்லது.

பாதுகாப்புத் தரவுத் தாள் என்ற ஒன்றைப் பல தயாரிப்பாளர்கள் இணையத்தில் வெளியிடுகிறார்கள். பதினாறு பகுதிகள் கொண்ட அதில் மூன்றாவது பகுதி என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். நான்காவது பகுதி முதலுதவி. அறிவியல் மன்றத்துக்கு ஒரு செயல்திட்டம் தேடுகிறவர்கள் கடையில் பார்த்த ஐந்து போத்தல்களின் தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீர் சேர்த்துப் பயன்படுத்தும் செறிவுத் திரவம் வாங்கினால் விகிதத்தைக் கவனியுங்கள். 1:50 என்று போட்டிருந்தால் இரண்டரை லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லிலிட்டர் போதும். "கூட ஊத்துனா கூட சுத்தமாகும்" என்பது இங்கே பலிக்காது. அதிகமானால் கோடு கோடாகக் காயும். மழைநீரை முத்தாக உருட்டிவிடும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. அது அவரவர் விருப்பம்.

மாத்திரை வடிவம் இப்போது இணையத்தில் அதிகம் விற்கிறது. தண்ணீரில் போட்டால் சுர்ரென்று நுரைத்துக் கரையும். ஓர் அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்து கார்பன் டைஆக்சைடு வெளிவருவதே அந்த நுரை; பெரும்பாலும் சிட்ரிக் அமிலம்தான். எனக்கு இதில் இரண்டு கவலைகள் உண்டு. முழுதாகக் கரையும் முன் தொட்டியில் போட்டால் துணுக்குகள் வடிகட்டியையும் நுண்துளையையும் அடைக்கும். தனிப் போத்தலில் கரைத்துப் பிறகு ஊற்றினால் இந்தச் சிக்கல் தீரும். இரண்டாவது கவலை பெரியது. பளபளக்கும் தாளில் சுற்றிய வட்டமான நீல மாத்திரை, மூன்று வயதுத் தம்பியின் கண்ணுக்கு மிட்டாய்தான்.

வெறும் தண்ணீரில் வளரும் உயிர்

மெத்தனால் வேண்டாம் என்றதும் மீண்டும் குழாய்த் தண்ணீருக்கே போய்விடலாமா? அதற்கும் ஒரு தடை இருக்கிறது.

1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர விடுதி ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு கூட்டினார்கள். கலந்துகொண்டவர்களிடையே கடும் நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியாவுக்கு, அந்தப் படைவீரர் சங்கத்தின் பெயரை ஒட்டி லெஜியோனெல்லா என்று பெயர் வந்தது. குடித்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நுண்திவலையாக மூச்சில் உள்ளே போகும்போதுதான் அது நுரையீரலைத் தாக்கும். தேங்கிய, வெதுவெதுப்பான நீர் அதற்குப் பிடிக்கும். 25 முதல் 45 டிகிரி வரை நன்றாகப் பெருகும்.

தேங்கிய நீர், எஞ்சின் சூடு, அதைத் திவலையாகப் பீய்ச்சும் குழல் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்றால் அது காரின் கண்ணாடி கழுவும் தொட்டிதான். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் இந்த நோய் வந்தவர்களை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, தொட்டியில் கழுவும் திரவம் சேர்க்காமல் வெறும் தண்ணீர் விட்டிருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று கண்டது. திரவம் சேர்த்திருந்தால் அங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு நோயாளியாவது தப்பியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு.

இதைப் படித்துவிட்டு யாரும் காரில் ஏற அஞ்ச வேண்டாம். ஆரோக்கியமானவர்களுக்கு இந்த நோய் எளிதில் வருவதில்லை. வயதானவர்கள், புகைப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். தாத்தாவை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் கார் என்றால், மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரை அதில் வைத்திருக்க வேண்டாம். கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் சேர்மானம் உள்ள திரவம் இந்த இடத்தில் தன் விலைக்கு ஈடு செய்கிறது.

கிருமியைக் கொல்ல குளோரின் வெளுப்பானைத் தொட்டியில் ஊற்றலாமே என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அது ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கும். காடி போன்ற அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்புத் திரவத்தோடு சேர்ந்தால் குளோராமின் வரும். இரண்டுமே நுரையீரலைப் புண்ணாக்கும் வாயுக்கள்.

ஊற்றும்போது

காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டபின் பானெட்டைத் திறக்க வேண்டும். உள்ளே பல மூடிகள் இருக்கும். நமக்கு வேண்டியதில் முன்கண்ணாடியும் அதன்மேல் பீய்ச்சும் நீரும் படமாகப் பொறித்திருக்கும். வெப்பமானிப் படம் உள்ள மூடி குளிரூட்டு நீருக்கானது. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பாயும். படத்தை அடையாளம் கண்டபின் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

தவறான தொட்டியில் ஊற்றிவிட்டால் மறைக்காதீர்கள். சவர்க்காரத் திரவம் பிரேக் எண்ணெயில் கலந்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். காரை இயக்காமல் பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஏச்சு விழும்தான். ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

ஊற்றியபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உள்ளே போகும். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல், ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மிச்சத்தைக் கார் பூட்டில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஆல்கஹால் கலந்த திரவம் அங்கே ஆவியாகிப் போத்தலை உப்ப வைக்கும். அந்த ஆவி தீப்பற்றக்கூடியது. மெத்தனால் எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

எல்லாவற்றையும்விட ஒன்றை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இன்றே சொல்லுங்கள். நான்கு லிட்டர் போத்தல் கனமாக இருக்கிறது என்று அதில் கொஞ்சத்தைக் குடிநீர்ப் போத்தலுக்கு மாற்றிக் கதவோரத்தில் செருகி வைக்கிறார்கள். நீல நிறத் திரவம், விளையாட்டு வீரர்கள் குடிக்கும் இனிப்புப் பானத்தின் நிறம், அதே வடிவப் போத்தல். பந்து விளையாடிவிட்டு வியர்க்க விறுவிறுக்கக் காரில் ஏறுகிற பிள்ளை மூடியைத் திறந்து வாயில் சரிக்கும்போது லேபிளைத் தேடமாட்டான். தேடினாலும் அதில் குடிநீர் என்றுதான் எழுதியிருக்கும். சில தயாரிப்பாளர்கள் டெனடோனியம் பென்சோவேட் என்ற மிகக் கசப்பான பொருளைச் சேர்க்கிறார்கள், வாயில் பட்டதும் துப்பிவிடுவதற்காக. அது எல்லாப் போத்தலிலும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். 999ஐ அழைத்து, அல்லது நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், போத்தலையும் கையோடு காட்டுங்கள். உள்ளே என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை தருகிறது. மெத்தனாலாக இருந்தால் அதை அமிலமாக மாற்றும் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் அளந்து கொடுக்கும் எத்தனாலும் அதே வேலையைச் செய்யும், ஏனென்றால் அந்த நொதி மெத்தனாலைவிட எத்தனாலைப் பல மடங்கு விரும்பிப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்டே செய்யும் சிகிச்சை இது. வீட்டில் முயலக் கூடியது அல்ல. அமிலம் தேங்கும் முன் தொடங்கினால் பார்வையையும் உயிரையும் காப்பாற்ற முடியும்.

போத்தல் காலியானபின் அதை நன்றாகக் கழுவினாலும் தண்ணீர் பிடிக்கவோ எண்ணெய் வாங்கவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். லேபிளைக் கிழிக்காமல் மூடியை இறுக்கிக் குப்பையில் போடுங்கள்.